யாருக்காக இரங்குகிறோம்?

கே. பாலசந்தர் தமது மேடை நாடகத்தைத் தாமே இயக்கி, 1966இல் திரைக்குக் கொண்டுவந்த படம் 'மேஜர் சந்திரகாந்த்'. மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு அப்பெயரே பட்டமாக நிலைத்தது. சென்ற விடுமுறையில் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து அதைப் பார்த்தோம்.

தையற்காரன் மோகனின் தங்கை விமலா காதலனால் ஏமாற்றப்பட்டு இறக்கிறாள். அவனைக் கொன்ற மோகன், பார்வையிழந்த மேஜரின் வீட்டில் அடைக்கலம் புகுகிறான். கொல்லப்பட்டவன் அவருடைய இளைய மகன். தேடிவரும் பொலிஸ் அதிகாரி மூத்த மகன்.

இவ்வாறு பாத்திரம் அறியாத ஒன்றைப் பார்ப்பவர் அறிந்திருப்பதை நாடக முரண் என்பர். மேஜர் மோகனிடம் பரிவாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் நம்மைக் கலங்கவைப்பது இதனாலேயே.

"பாவம் அந்த மனிசன்" என்று உம்மம்மா கண்ணைத் துடைத்தார். "என்ன இருந்தாலும் கொலை கொலைதான்" என்றார் வாப்பா. நானோ மோகன் தப்பிவிட வேண்டுமென்று விரும்பினேன்.

அப்போது தங்கச்சி கேட்டாள்: "செத்த பிள்ளையப் பத்தி ஒருத்தரும் கதைக்கல்லயே?"

எவருக்கும் பதில் வரவில்லை. கதை யாரை நம் முன் நிறுத்துகிறதோ அவருக்கே இரங்குகிறோம். விமலா இடையில் மறைந்ததால் அவளை மறந்துவிட்டோம். மாணவியரே, படம் பார்க்கும்போது பேச இடம் கிடைக்காதவரையும் தேடுங்கள்.

அன்றிரவு உம்மா எங்கள் அறைக்கு வந்து சொன்னார்: "எது நடந்தாலும் முதல்ல என்னட்டச் சொல்லுங்க, ஏச மாட்டன்."