விலைப் பக்கத்தைக் கடைசியில் திறவுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலரை இப்போதெல்லாம் சனிக்கிழமை காலைகளில் ஆன்டிக் மால்களிலும் எஸ்டேட் சேல்களிலும் பார்க்கிறேன். ஒரு கையில் இளஞ்சிவப்புக் கண்ணாடித் தட்டு, இன்னொரு கையில் சின்னக் கைப்புத்தகம். ‘இது அசலா? இதற்கு இந்த விலை தகுமா?’ என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒஹையோ மாநிலத்தில் நெடுங்காலமாக இந்தக் கண்ணாடிகளோடு வாழ்கிறேன். அந்த உரிமையில், புதிதாக இறங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றை எண் போட்டு எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன், உங்கள் கையில் இருப்பது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிப்ரெஷன் கிளாஸ் எனப்படுவது பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. 1929இல் பங்குச் சந்தை சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் ஊரெங்கும் பரவிய காலத்தில் ஏழை எளியவர் வீட்டு மேசைக்காக இயந்திரத்தில் அச்சிட்டுத் தள்ளிய கண்ணாடி அது. ஒஹையோவின் லான்காஸ்டர் ஊரில் இருந்த ஹாக்கிங் கம்பெனி 15 அச்சுகள் கொண்ட இயந்திரம் ஒன்றை உருவாக்கி, நிமிடத்துக்கு 90 உருப்படிகள் வார்த்தது. ஐந்து சென்ட் கொடுத்தால் இரண்டு டம்ளர் கிடைத்தது. ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் இருக்கும். கூட்டம் குறைந்த நாளில் சினிமாக் கொட்டகைக்குப் போனால் டிக்கெட்டோடு ஒரு தட்டு தருவார்கள். வாராவாரம் படம் பார்த்தே மேசை முழுவதையும் நிரப்பிய குடும்பங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் ஜெனெட், கொலம்பஸில் ஃபெடரல், வீலிங்கில் ஹேஸல் அட்லஸ், சார்லராயில் மெக்பெத் எவான்ஸ், இந்தியானாவில் இந்தியானா கிளாஸ் என்று பல ஆலைகள் போட்டி போட்டன. மலிவு என்பதால் அலட்சியமாக வார்க்கவில்லை. சொரசொரப்பையும் குமிழியையும் மறைப்பதற்காக மேற்பரப்பு முழுக்கப் பூவேலை செய்தார்கள். அந்தப் பூவேலைதான் இன்று நம்மைக் கட்டிப் போடுகிறது.

2. கைப்புத்தகத்தைக் கடையில் வைத்துப் படிக்காதீர்கள். வீட்டில் படித்துவிட்டு, கடையில் சரிபார்க்க மட்டும் திறவுங்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ஹேஸல் மேரி வெதர்மன். 1970இல் வந்த அவருடைய நூல்தான் சிதறிக் கிடந்த பூவேலைகளுக்கும் ஆலைகளுக்கும் முடிச்சுப் போட்டது. அதன்பின் ஜீன் ஃபுளோரன்ஸ் எழுதிய பெரிய நூல்களும், சட்டைப்பைக்கு அடங்கும் கைப்புத்தகமும் பல பதிப்புகள் கண்டன. பழைய புத்தகக் கடைகளில் அவை இன்றும் கிடைக்கும். முதல் மாதத்தில் நான்கே பூவேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கேமியோ, மேஃபேர், செர்ரி பிளாஸம், ஷாரன். ஒவ்வொன்றுக்கும் ஆலை எது, என்னென்ன நிறம், எந்தெந்த உருவம், அளவு என்ன என்பதை மனப்பாடமாக்குங்கள். பட்டியலில் இல்லாத நிறத்தில் ஒரு பொருள் எதிரே வந்தால், அது பேரதிசயமாக இருக்கலாம். பெரும்பாலும் புது வார்ப்பாகத்தான் இருக்கும்.

3. டேப் இல்லாமல் கிளம்பாதீர்கள். புத்தகம் தட்டை அங்குலத்திலும் டம்ளரை அவுன்ஸிலும் சொல்கிறது. அரை அங்குல வித்தியாசத்தில் தினசரிச் சாப்பாட்டுத் தட்டு அரிய தட்டாகிவிடும். கண்ணால் மதிப்பிட்டது போதாது.

4. பார்ப்பதற்கு முன் தொடுங்கள். விளிம்பைச் சுற்றி விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள்; வெளி விளிம்பு மட்டுமல்ல, உள் விளிம்பும் முக்கியம். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த வீடுகளில் உள் விளிம்பில்தான் சில்லு பெயர்ந்திருக்கும். குமிழ், கைப்பிடி ஒட்டும் இடம், கால்கள், மூடி உட்காரும் பள்ளம் ஆகியவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தலைமுடி போன்ற கோடு ஒன்று தெரிந்தால் பயந்துவிட வேண்டாம், நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் கீறல் அல்லது விரிசல். மாட்டாமல் வழுக்கினால், வார்க்கும்போதே உருகிய கண்ணாடியில் விழுந்த மடிப்பாக இருக்கக்கூடும். பிறவியிலேயே வந்த அந்த மடிப்பும் உள்ளே நிற்கும் சிறு குமிழியும் குறைகள் அல்ல. கத்தி பட்ட கீறல் குறை. நடுவில் கீறல் நிறைந்த சாப்பாட்டுத் தட்டை, அது எவ்வளவு அரிதானாலும், முழு விலைக்கு வாங்காதீர்கள்.

5. மங்கலான கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. தண்ணீரின் சுண்ணாம்பு படிந்ததென்றால் வினிகரில் ஊற வைத்தால் போய்விடும். டிஷ்வாஷர் அரித்ததென்றால் எதைப் போட்டாலும் போகாது. கண்ணாடியின் தோலே தேய்ந்துவிட்டது. கடையில் ஈரத்தைத் தடவிக் காட்டினால் இரண்டுமே பளபளக்கும். ஆகவே எண்ணெயோ தண்ணீரோ பூசியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், துடைத்துக் காயவைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

6. இனி புது வார்ப்புகள். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆசை முந்திக்கொள்ளும்.

மாட்ரிட் என்ற பூவேலையை ஃபெடரல் கம்பெனி 1932 முதல் 1939 வரை வார்த்தது. 1976இல், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, அதே கம்பெனி ‘ரெக்கலெக்‌ஷன்’ என்ற பெயரில் அதைப் பொன்னிறத்தில் மீண்டும் வார்த்து, ஆண்டையும் பொறித்தது. அது நேர்மையான செயல். பிறகு ஃபெடரல் மூடப்பட்டது. அச்சுகள் இந்தியானா கிளாஸின் கைக்குப் போயின. ஆண்டுக் குறி அழிக்கப்பட்டது. இளஞ்சிவப்பும் நீலமும் வெளிவந்தன. இன்று பிளீ மார்க்கெட்டில் காணும் நீல மாட்ரிட்டில் பெரும்பகுதி அந்தப் பிற்கால வார்ப்பே.

செர்ரி பிளாஸத்துக்கு 1973இலேயே போலி வந்துவிட்டது. குழந்தைகள் விளையாடும் சின்னக் கோப்பை அது. கைப்பிடி சற்றே கோணல். வலக்கையில் பிடித்துப் பார்த்தால் செர்ரிப் பழங்கள் தலைகீழாகத் தொங்கும். பழைய அச்சு வெட்டியவர்கள் மரத்தில் பழம் தொங்கும் திசையை மறக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. மேஃபேரில் அடர்நீல பிஸ்கட் ஜாடியைப் பார்த்தால் தயங்காமல் கீழே வைத்துவிடுங்கள். அசல் மேஃபேர் நீலம் வெளிர்நீலம். அடர்நீலத்தில் அந்த நாளில் வார்க்கவே இல்லை. ஷாரனின் வெண்ணெய்க் கிண்ண மூடியில் குமிழைத் தூக்கும் இடத்தைப் பாருங்கள். பழையதில் குமிழின் அடிப்பக்கத்துக்கும் மூடிக்கும் நடுவே ஏறத்தாழ கால் அங்குலம்தான் இருக்கும். புதியதில் அரை அங்குலம்.

எல்லாப் போலிக்கும் பொதுவான அடையாளம் எது என்று கேட்பார்கள். ஒரே விதி கிடையாது. ஆனாலும் புது வார்ப்பில் இலை நரம்பு தட்டையாக இருக்கும், கண்ணாடி தேவைக்கு மேல் தடிக்கும், நிறம் கொஞ்சம் கூச்சலிடும். ஐயமற்ற அசல் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், உடைந்ததானாலும் பரவாயில்லை. விரலுக்கு அதுதான் பாடப் புத்தகம்.

7. புற ஊதா டார்ச் வாங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் பச்சைக் கண்ணாடிகள் பலவற்றில் நிறத்துக்காகச் சிறிது யுரேனியம் சேர்த்தார்கள். புற ஊதா வெளிச்சத்தில் அவை பளீரென்ற பச்சையாக ஒளிரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டபின் அந்தப் பழக்கம் நின்றது; 1958க்குப் பிறகே ஆலைகளுக்கு அது மறுபடி கிடைத்தது. பின்னாளில் வார்த்த பொருள்களும் ஒளிர்கின்றன. இப்போதும் யுரேனியக் கண்ணாடி வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒளி, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். எந்த ஆண்டு என்று சொல்லாது. மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும், அதை யுரேனியம் என்று விற்பவர்களும் உண்டு. யுரேனியக் கண்ணாடியை அலமாரியில் வைத்து ரசியுங்கள். அதில் ஊறுகாயோ மோரோ ஊற்றி வைக்காதீர்கள்.

8. அடியில் முத்திரை தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். டிப்ரெஷன் கிளாஸில் பெரும்பாலும் முத்திரையே இராது. முத்திரை உதவுவது அதன் அக்கம்பக்கத்து உறவுகளான வேறு சில ஆலைகளின் கண்ணாடிகளில்: வைரக் கட்டத்துக்குள் எச் இருந்தால் நியூவார்க் ஊரின் ஹைஸி, முக்கோணத்துக்குள் சி இருந்தால் கேம்பிரிட்ஜ், வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட என் இருந்தால் நார்த்வுட். நார்த்வுட் முத்திரையைப் பார்த்தால் பூதக்கண்ணாடி எடுங்கள், ஏனென்றால் எல்.ஜி. ரைட் கம்பெனி விற்ற பிற்காலப் பொருள்களில் அதைப் போலவே தோன்றும் நெளிந்த எழுத்து இருக்கும். ஐ, ஜி இரண்டும் பின்னிக் கிடந்தால் இம்பீரியல். அந்தக் குறி 1951க்குப் பிந்தியது. ஃபென்டன் பெயர் நீள்வட்டத்துக்குள் இருந்தால் அது 1970க்குப் பிந்தியது. கூடவே சின்ன 8 இருந்தால் எண்பதுகள், 9 இருந்தால் தொண்ணூறுகள்.

9. ஒரே பூவேலையில் விலையை ஏற்றி இறக்குவது நிறமும் உருவமும். கேமியோ பச்சை எங்கும் கிடைக்கும், இளஞ்சிவப்பு அரிது. அமெரிக்கன் ஸ்வீட்ஹார்ட் வெண்மையிலும் இளஞ்சிவப்பிலும் ஏராளம். சிவப்பு அல்லது அடர்நீலம் கண்ணில் பட்டால் அன்று நல்ல நாள். உருவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஷாரன்தான். வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் சீஸ் கிண்ணத்துக்கும் ஒரே மூடி. வேறுபடுவது அடித்தட்டு மட்டும். சீஸ் தட்டு சாலட் தட்டுப் போலப் பரந்து, மூடி நிற்க உள்ளே ஒரு வளையம் எழும்பியிருக்கும். வெண்ணெய் எளிதில் கிடைக்கும், சீஸ் எளிதில் கிடைக்காது. ஆடம் வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில் ஆடம் பூவோடு சியரா என்னும் கூர்க்கோட்டு வேலையும் சேர்ந்திருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பப் பாருங்கள்; ஜெனெட் ஆலையின் மிக அரிய துண்டுகளில் அது ஒன்று. பொதுவாக மூடிகளை மதியுங்கள். கிண்ணம் பிழைக்கும், மூடி உடையும். மேஃபேர் இளஞ்சிவப்புச் சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி, கிண்ணத்தைவிடப் பல மடங்கு விலை போவது அதனால்தான்.

10. இப்போது கைப்புத்தகத்தின் விலைப் பக்கத்தைத் திறக்கலாம். அங்கே அச்சாகியிருப்பது, குறையே இல்லாத பொருளை ஒரு வியாபாரி கடையில் வைத்து விற்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதே வியாபாரி அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் தருவார். அவருக்கு வாடகை உண்டு, அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்கும் சரக்கு உண்டு. அவர் ஏமாற்றுகிறார் என்று கோபப்படாதீர்கள். சின்னச் சில்லு ஒன்றிருந்தால் சாதாரணப் பொருள் ஏறத்தாழ விலையற்றதாகிவிடும். அரிய பொருள் மட்டும் பாதியாவது பெறும்.

உங்கள் புத்தகம் எந்த ஆண்டில் அச்சானது என்று முதல் பக்கத்தில் பாருங்கள். தொண்ணூறுகளின் புத்தகம் என்றால் சாதாரணப் பொருள்களின் விலை இன்றைய சந்தையைவிட உயர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு தட்டுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள், கிடைத்த விலையைக் கொடுத்தார்கள். ஈபே 1995இல் வந்தபின், அரிது என்று நம்பிய பல பொருள்கள் எந்த மாநிலத்திலும் கொட்டிக் கிடப்பது வெளிச்சமானது. சேகரித்த தலைமுறையும் மூப்படைந்தது. பெரிய வீடுகள் காலியாக, எல்லாம் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தன. ஆகவே புத்தகத்தின் எண்ணை நம்பாமல், அதன் விகிதத்தை நம்புங்கள். சீஸ் கிண்ணம் வெண்ணெய்க் கிண்ணத்தைவிடப் பல மடங்கு என்ற உறவு இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. நடப்பு விலைக்கு ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கேட்கும் விலை கனவு, கொடுத்த விலைதான் செய்தி. கிரீன்ஸ்பரோவில் இருக்கும் ரீப்ளேஸ்மென்ட்ஸ் கடையின் விலை, உடைந்த ஒரே தட்டுக்கு ஈடு தேடுகிறவர் கொடுக்கும் விலை. அதை வைத்து உங்கள் அலமாரிக்கு மதிப்புப் போடாதீர்கள்.

11. இந்தியாவுக்குப் போகும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். வளையலுக்குப் பேர்போன பிரோசாபாத்தில் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் முதலிய ஆலைகள் வானவில் மினுமினுப்புக் கொண்ட கார்னிவல் கண்ணாடியை 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் வார்த்தன. மீன் உருவப் பூச்சாடியும் டம்ளர்களும் இன்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்கள். நம் நாட்டுத் தொழிலாளி ஊதிய, அச்சிட்ட கண்ணாடியை அடுத்தவர் எடுத்து எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

12. கழுவும்போது சிங்க்கின் அடியில் துணி விரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மைக்ரோவேவ், ஓவன், டிஷ்வாஷர் மூன்றுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். தட்டுகளுக்கு நடுவே காகிதத்தட்டு வையுங்கள், கோப்பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி வைப்பது பழைய வழக்கம். மை ஒட்டும், வெள்ளைத்தாள் நல்லது.

13. எஸ்டேட் சேலில் வாங்கும்போது, அந்த வீட்டார் யாராவது நின்றால் அந்தப் பொருள் எப்படி அவர்களிடம் வந்தது என்று பணிவாகக் கேளுங்கள். பாட்டிக்குச் சினிமாக் கொட்டகையில் கிடைத்தது, சீதனமாக வந்தது என்று ஏதாவது சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் சின்னச் சீட்டில் ஊர், தேதி, கொடுத்த விலை, பூவேலையின் பெயர், அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒட்டுத்தாள் கண்ணாடியில் கறை விடும். ஆகவே சீட்டை ஒட்டாமல் கிண்ணத்துக்குள் மடித்து வையுங்கள்.