‘டிக் டிக்’ சத்தம்: ஓர் ஒலிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ஒலி பற்றிய பாடம் வரும்போது, மேசையின் ஒரு முனையில் மாணவரைக் காது வைக்கச் சொல்லி மறுமுனையில் தட்டிக் காட்டுவது வழக்கம். திண்மத்தில் ஒலி வேகமாகச் செல்கிறது, அதனால் நன்றாகக் கேட்கிறது என்று விளக்கமும் தரப்படும். இந்த ஆண்டு என் வகுப்பில் அந்த விளக்கம் ஒரு மாணவியின் கேள்வியில் தடைப்பட்டது. அதற்குக் காரணம் என் பழைய கார்.

இன்ஜினிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணன்கோவிலில், மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பார்த்தார். ஆயில் குறைந்தாலும் இப்படித்தான் தட்டும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே வீணாகிவிடும். அளவு சரியாக இருந்தது. பிறகு கேட்டார்: “நிக்கும்போதும் சத்தம் வருதா சார், ஓடும்போது மட்டுமா? சூடானதும் குறையுதா?”

ஓடும்போது மட்டும் என்றால் டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லாகக்கூட இருக்கலாம். சூடானதும் குறைந்தால் புகைபோக்கி இணைப்பில் சிறு கசிவு இருக்க வாய்ப்பு உண்டு. வெப்பத்தில் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். என் காரில் இரண்டும் இல்லை. ஒரே நேரத்தில் ஒரே காரணியை மட்டும் சோதித்து விலக்கும் இந்த முறையை நம் ஆய்வகக் குறிப்பேடுகளில் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

அடுத்து நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஒவ்வோர் இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். மூன்றாவது சிலிண்டருக்கு மேலே கை நின்றது. “டாப்பெட் கேப் கூடியிருக்கு சார்.”

அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து வகுப்புக்குக் கொண்டுசென்றேன். இன்ஜின் நிமிடத்துக்கு 840 சுற்று சுற்றியதை மெக்கானிக் ஸ்கேனரில் பார்த்துச் சொல்லியிருந்தார். நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்றும். ஆகவே ஒரு வால்வின் தட்டல் நிமிடத்துக்கு 420, நொடிக்கு 7. பதிவைக் கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டு மாணவர்கள் எண்ணினார்கள். 20 நொடியில் 34 என்றனர் சிலர், 35 என்றனர் பலர். கணக்கு பொருந்தியது. ஆனால் இன்ஜெக்டரும் இதே கணக்கில் தட்டக்கூடும். சத்தம் எந்த வகை என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லும். இடத்தைச் சொல்ல ஸ்குரூ டிரைவர் வேண்டும்.

அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள்: “சார், ஸ்குரூ டிரைவர் ஒரு அடிதானே இருக்கும். அதுக்குள்ள வேகமா போனா என்ன, மெதுவா போனா என்ன?”

சரியான கேள்வி. 30 செ.மீ. தொலைவைக் காற்றில் கடக்க ஒலிக்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது. எஃகில் அதைவிடச் சீக்கிரம் கடந்துவிடும். அந்த வேறுபாட்டால் சத்தம் கூடாது. உண்மையான காரணம் எல்லைப் பரப்பு. உலோகத்தின் அதிர்வு காற்றை அடையும் இடத்தில் அதன் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி உலோகத்துக்குள்ளேயே எதிரொலித்துவிடுகிறது. காற்றுக்குப் போவது மிகச் சொற்பம். தண்டைக் காதோரம் அழுத்தும்போது அதிர்வு காற்றுக்கு இறங்காமல் எலும்பு வழியாகவே உட்செவியை அடைகிறது. மேசையில் காது வைக்கும் சோதனைக்கும் இதே விளக்கம்தான் பொருந்தும்.

1816இல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதையும் அன்றே சொன்னேன். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான்.

மெக்கானிக் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ததும் தட்டல் நின்றது. இடைவெளி மிகக் குறைந்தாலும் ஆபத்து என்றார். அப்போது சத்தமே வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

ஓடும் இன்ஜின் அருகே மாணவர்களை நிறுத்த வேண்டாம். விசிறியும் பெல்ட்டும் துப்பட்டாவை இழுத்துவிடும். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் மர அளவுகோலும் போதும். கடிகாரத்தை மேசைமேல் கவிழ்த்து, அளவுகோலின் ஒரு முனையை அதன் முதுகில் பல இடங்களில் வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் ஒட்டிக் கேட்கச் சொல்லலாம். அளவுகோல் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘டிக்’ எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் குறியிட்ட பின், மூடியைத் திறந்து காட்டுங்கள்.