கிளாரினெட்டினுள் ஈரம்

குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் ஈரம் படிகிறதல்லவா? கிளாரினெட் வாசிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. நீராவி நிறைந்த வெப்ப மூச்சு, குளிர்ந்த மரக்குழலில் பட்டு நீர்த்துளிகளாகிறது.

கிளாரினெட் செய்யப் பயன்படும் ஆப்பிரிக்கக் கருமரம், நம் ஈட்டி மரத்தின் இனம். நீரில் மூழ்குமளவு அடர்த்தியானது. ஆயினும் சிறிதளவு ஈரத்தை உறிஞ்சும். நனைந்த உட்புறம் உப்பி, உலர்ந்த வெளிப்புறத்தை நெருக்கும். நெருக்கம் மிகுந்தால் மரம் வெடிக்கும். வெடிப்பின் வழியே காற்று கசிந்தால் சுரம் கெடும்.

எனவே வாசித்து முடித்தவுடன், நூல் கட்டிய பருத்தித் துணியைக் குழலினுள் விட்டு இழுத்து ஈரத்தைத் துடைக்கவேண்டும். நாணல் தகட்டையும் கழற்றி உலர்த்தவேண்டும். புதிய கருவியை முதல் சில வாரங்கள் நாள்தோறும் சிறிது நேரமே வாசிப்பது நல்லது.

செய்து பாருங்கள்: ஓர் அஞ்சலட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அட்டை எப்பக்கம் வளைகிறது? ஏன்?