கவலையும் நெத்திலியும் கரையோரம் வரும் நாளைக் கணிப்பது எப்படி?

பாறையும் கொடுவாவும் ஷீலாவும் கரையை ஒட்டி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இரைதான். கவலை, நெத்திலி, மடவைக் குஞ்சு எங்கே கூடுகின்றனவோ அங்கே அவை நிற்கும். அதனால் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் பெரிய மீனைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, சின்ன மீன் எப்போது வரும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கே சொல்வது சென்னையிலிருந்து கடலூர் வரையிலான கரைக்கான முறை. தெற்கே போகப் போகக் கவலை சாளையாகும், சூடையாகும். மாதமும் முன்பின் ஆகும். பார்க்க வேண்டியவை மட்டும் எங்கும் இவைதான்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். "இந்த மாதம் வரும்" என்று காலண்டரை நம்பினால் பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் காற்று ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே திரும்புகிறது. கோடை முதல் செப்டம்பர் வரை தெற்கு, தென்மேற்குக் காற்று நம் கரைக்கு ஏறக்குறைய இணையாக வடக்கே வீசும். பூமியின் சுழற்சியால் மேல்நீர் அந்தக் காற்றுக்கு வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம் தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் சத்தைச் சுமந்துகொண்டு மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும். அதைத் தின்ன மிதவை உயிர்கள் வரும். இவற்றையெல்லாம் வடிகட்டித் தின்னக் கவலையும் நெத்திலியும் வரும். எல்லாம் ஒரே நாளில் நடக்காது. காற்று நிலைத்து வீசி, பிறகு தணிந்து, நீர் தெளியத் தொடங்கும் நாட்களே உங்கள் நாட்கள்.

அக்டோபரில் வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். மேல்நீர் கரையோடு வந்து குவியும், ஆறுகள் சேற்றைக் கொட்டும், அலை ஓயாது. அந்த நாட்களில் திறந்த கடற்கரையை விட முகத்துவாரத்தின் உள்பக்கமே மேல். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, முகத்துவாரம் அடைபடாமல் இருக்கும்வரை, முட்டுக்காடு போன்ற இடங்களில் வற்றும் நீரோடு வெளியேறும் இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும் கொடுவா காத்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் வலுவாக இருக்கும். சென்னைப் பக்கம் ஏற்றவற்ற வேறுபாடு அப்போதும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால், நீரின் உயரத்தைவிட அது ஓடும் வேகத்தைக் கவனியுங்கள்.

அடுத்து, தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டி முழங்கால் ஆழத்தில் சில நிமிடம் விடுங்கள். கோடையில் 29, 30 டிகிரி செல்சியஸ் காட்டும் நீர் திடீரென இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் அடிநீர் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் குனிந்து பாருங்கள்: கால்விரல் தெரிகிறதா? சேற்றுக் கலங்கல் என்றால் காத்திருங்கள். விரல் மங்கலாகத் தெரியும் இளம்பச்சை என்றால் நல்ல அறிகுறி.

பச்சை எல்லாமே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் நுண்பாசியையும் மீன்முட்டையையும் தின்னக்கூடியது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது அளவுமீறிப் பெருகி நீர் பச்சையாக மாறியதில் மீன்கள் செத்து ஒதுங்கின. நீர் கெட்டியாகி நாற்றமடித்தால் வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட நம்பகமான தகவல் ஃபைபர் படகு கரையேறும் இடத்தில்தான் கிடைக்கும். அதிகாலையில் குப்பத்துக்குப் போய், வலையிலிருந்து மீன் கழிக்கிறவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். கழித்து முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு, "அண்ணே, எத்தனை பாகத்துல போட்டீங்க?" என்று கேளுங்கள். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட ஆறு அடி. போன வாரம் பன்னிரண்டு பாகத்தில் கிடைத்த கவலை இந்த வாரம் ஏழில் கிடைத்து, நேற்று நாலில் கிடைத்தால் கூட்டம் கரையை நெருங்குகிறது என்று அர்த்தம். படகில் கவலை வலை ஏறுகிறதா, நண்டு வலை ஏறுகிறதா என்பதும் ஒரு செய்திதான். வீண்செலவுக்கு யாரும் வலை மாற்றமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது குப்பத்தில் இறங்கும் மீன் பெரும்பாலும் கரையோர மீன் என்பதால், இந்தக் கேள்விக்கு அந்த நாட்களில் மதிப்பு இன்னும் அதிகம்.

வீட்டிலிருந்தபடி பார்க்க ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இருக்கிறது. செயற்கைக்கோள் காட்டும் நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறார்கள். அது படகுக்காரர்களுக்கானது, தடைக்காலத்தில் வராது. நமக்கு அவர்களுடைய அலை, காற்று முன்னறிவிப்புதான் அதிகம் உதவும். கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறைமேல் ஏறவே கூடாது. எந்த மீனும் அதற்கு ஈடில்லை.

கரைக்குப் போனதும் முதலில் வானத்தைப் பாருங்கள். ஆலாக்கள் உயரத்தில் நேராகப் பறந்தால் இன்னும் தேடுகின்றன. அலகைக் கீழ்நோக்கித் திருப்பி, ஒரே இடத்தில் சிறகடித்து நின்று விழுந்தால் கீழே நெத்திலி இருக்கிறது. ஆலாக்களில் பல இனங்கள் குளிர்காலத்துக்கு மட்டும் வருபவை என்பதால் ஜூன், ஜூலையில் பறவை இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். அப்போது நீர்ப்பரப்பே போதும். காற்றில்லாத காலையில் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் சிலிர்த்தால் அது கவலைக் கூட்டம். கடலோரத் தூண்டில் வளைவுகளில் நீரோட்டம் வடக்கே போனால் கல்வரிசையின் வடபுறத்திலும், தெற்கே போனால் தென்புறத்திலும் தேடுங்கள். ஓட்டம் தணிந்த மறைவில்தான் சின்ன மீன் ஒதுங்கும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, காற்றின் திசை, நீர் வெப்பம், நிறம், பிறை, குப்பத்தில் சொன்ன பாகம், கண்ட மீன். ஒன்றும் காணாத நாளையும் எழுத வேண்டும். அதை விட்டால் எந்தக் காற்றுக்கு மீன் வராது என்பது தெரியாமலே போகும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் உங்கள் கரைக்கு மட்டும் பொருந்தும் பஞ்சாங்கம் கையில் இருக்கும்.

கூட்டம் வந்த நாளில் அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் தள்ளிப் போய்விடுங்கள். அது அவர்கள் பிழைப்பு. இல்லையென்றால் கூட்டத்தின் நடுவே வீசாமல் ஓரத்தில், முடிந்தால் கடல்பக்க ஓரத்தில் வீசுங்கள். பாறை அங்கிருந்துதான் தாக்கும். முதல் மீன் கிடைத்ததும் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இருப்பது விரல்நீள நெத்திலியா, உள்ளங்கை அகலக் கவலையா என்று பார்த்து, அந்த அளவு லூரை மாட்டிக்கொண்டு மறுபடி வீசுங்கள்.