விட்டுப் பிடிக்கும் பொறி

காலத்தை அளக்கும் வேட்கை தமிழர்க்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் பாசறையின்கண் நாழிகைக் கணக்கர் நோக்கிய கருவிக்குக் 'குறுநீர்க் கன்னல்' என்று பெயர். 24 நிமிடம் கொண்ட நாழிகையைச் சிறிதளவு நீரைக் கொண்டு அளந்த வட்டில் அது. 1206இல் தம் பொறியியல் நூலை முடித்த அல்ஜஸரி, யானை வடிவக் கடிகாரம் உள்ளிட்ட நீர்க்கடிகாரங்களை அமைக்கும் முறையைப் படங்களுடன் எழுதி வைத்தார். இக்கருவிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. ஓடிவிடத் துடிக்கும் ஒன்றை அளவோடு விடவேண்டும்.

மணிக்கட்டில் கட்டும் பொறிக்கடிகாரத்திலும் அதுவே நிகழ்கிறது. அங்கே நீருக்குப் பதில் சுருள்வில். நாம் சாவி கொடுக்குந்தோறும் வில் இறுகுகிறது. அது தன் போக்கில் அவிழுமாயின் பற்சக்கரங்கள் நொடிப்பொழுதில் சுழன்று ஓய்ந்துவிடும். அவ்வாறு ஓயாமல் தடுப்பதற்குக் கவை போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் இரு முனைகளிலும் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு கல் சக்கரத்தின் பல்லை விடும். மறு கல் அடுத்த பல்லைப் பிடிக்கும். நாம் கேட்கும் 'டிக் டிக்' இந்தப் பிடியின் ஓசையே. எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பதை, தலைமயிரினும் மெல்லிய சுருளோடு இணைந்து அங்குமிங்கும் அசையும் சமனாழி தீர்மானிக்கிறது. பல உயர்வகைக் கடிகாரங்களில் அது நொடிக்கு 8 முறை அசையும்; ஒரு நாளைக்கு 6,91,200 முறை. 86,400 நொடிகள் கொண்ட ஒரு நாளில் நான்கைந்து நொடி பிழைத்தால் அது நல்ல கடிகாரம் எனப்படும். பேட்டரியில் இயங்கும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் இதனினும் திருத்தமாக ஓடும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆகவே விலை மணி காட்டுவதற்கன்று, கைத்திறனுக்கே.

சட்டைப்பையில் செங்குத்தாக நிற்கும் கடிகாரத்தின் சமனாழியைப் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்துப் பிழை விளைவிக்கும். அதைச் சரிக்கட்ட, சமனாழியையும் கவையையும் ஒரு கூட்டிலிட்டு, அக்கூட்டையே சுழலச் செய்தார் பிரெகே. 'டூர்பியோன்' எனப்படும் இவ்வமைப்புக்கு அவர் 1801இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். ஓயாது அசையும் மணிக்கட்டில் இதன் தேவை குறைவு. எனினும் வல்லுநரின் கையைச் சோதிக்கும் உரைகல்லாக அது நின்றுவிட்டது. ஆங்கிலேயரான ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) ஒரு கடிகாரத்தின் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் தம் பட்டறையிலேயே செய்தவர். தனித்து இயங்கும் இன்றைய கடிகாரக் கம்மியர் பலர்க்கு அவரே முன்மாதிரி.

நம் நாட்டில் இக்கலை வளர்ந்த ஊர்களுள் ஒன்று ஓசூர். 'புத்தூர்' எனப் பொருள்படும் கன்னடப் பெயர் தாங்கிய எல்லையூர் அது. அக்காலத் தருமபுரி மாவட்டத்தில் இருந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்தது. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் 1961 முதல் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்துகொண்டிருந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூடி டைட்டனைத் தோற்றுவித்தபோது, அதன் தலைமையேற்ற செர்க்சஸ் தேசாய் குவார்ட்ஸ் வழியைத் தேர்ந்தார். அதனினும் துணிவான தேர்வு ஆட்களைப் பற்றியது. தமிழகச் சிற்றூர்ப் பள்ளிகளில் பயின்ற, பதினெட்டு வயதை ஒட்டிய பிள்ளைகளை நிறுவனம் நாடிச் சென்றது. தொழிற்சாலையையே கண்டிராத அவர்களைத் தேர்ந்து பயிற்றியது. வீடு பிரிந்து வந்தோரைப் பேண ஓசூரில் வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தியது. 2002இல் வெளிவந்த, 3.5 மில்லிமீட்டரே தடிமன் கொண்ட 'எட்ஜ்' கடிகாரம் இந்நிறுவனத்தின் பொறியியல் துணிவுக்குச் சான்று. அது குவார்ட்ஸ்தான். ஆனால், 1799இல் எழுந்த ஹவா மஹாலின் 225ஆம் ஆண்டு நினைவாக வந்த 'ஜல்சா' பொறிக்கடிகாரம். டைட்டன் தானே வடிவமைத்த டூர்பியோன் அதிலே சுழல்கிறது. முகப்பின் பளிங்கில் ஷாகிர் அலி நுண்ணோவியம் தீட்டினார். பத்தே செய்தார்கள், ஒன்றின் விலை நாற்பது இலட்ச ரூபாய்க்கு மேல்.

பிரெகேயின் பொறியை விளக்க ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நூல்கள் நிறைந்துள்ளன. ஓசூரில் அன்று பதினெட்டு வயதில் இடுக்கி பிடிக்கக் கற்றவர்களோ இன்று ஓய்வு பெறும் வயதை எய்திவிட்டனர். கடுகினும் சிறிய திருகை எவ்வளவு இறுக்குவது, மயிர்ச்சுருள் கோணினால் எந்த இடத்தில் தொடுவது என்பன அவர்தம் விரல்களில் உள்ளன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் அவ்வூரில் அவர்கள் இவற்றை எச்சொற்களால் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்தனர் என்பதைத் திரட்டுவது தமிழ்த்துறையின் பணி. கடைத்தெருவில் ஒற்றைக்கண் லென்ஸ் மாட்டி அமர்ந்திருக்கும் பழுதுபார்ப்போரிடமும் கேட்கவேண்டும்.

பல்லை விட்டுப் பல்லைப் பிடிக்கும் அவ்வுறுப்பமைப்பை யாவரும் 'எஸ்கேப்மென்ட்' என்றே வழங்குகின்றனர். 'தப்பிக்கும் பொறி' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரி. பொருளில் பாதி போய்விடுகிறது. அது தப்பவும் விடுகிறது, பிடிக்கவும் செய்கிறது. முரண்டு பிடிக்கும் பிள்ளையை 'விட்டுப் பிடி' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்கு. 'விட்டுப் பிடிக்கும் பொறி' என்று நாம் எழுதியது அதனாலேயே. இதனினும் நல்ல சொல் ஓசூர்த் தொழிலாளர் வாயில் இருக்குமாயின் இதனை விட்டு அதனைக் கொள்வோம்.