தொலைந்த சாவி கற்பித்த பாடம்

என் தந்தையார் கார் ஓட்டுநர். சென்ற ஆண்டு முதலாளியின் கார்ச் சாவி தொலைந்தது. மாற்றுச் சாவியும் இல்லை. பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தே ஒன்று செய்து தந்தார். கதவு திறந்தது, எஞ்சின் இயங்கவில்லை!

காரணம் என்ன? அசல் சாவியின் தலைக்குள் மின்கலமில்லாத ஒரு சில்லு உண்டு. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளே அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. நாம் வகுப்பில் படித்த, பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது! சில்லு தன் அடையாளத்தைத் தெரிவிக்கும். அது வண்டியின் நினைவகத்தில் பதிந்திருந்தால்தான் எஞ்சின் இயங்கும். பொத்தான்களுக்கான 3 வோல்ட் மின்கலம் வேறு. அது தீர்ந்தாலும் சில்லு வேலை செய்யும்.

சில்லுள்ள புதுச் சாவியை மெக்கானிக் கருவி கொண்டு பதித்தார். தொலைந்த சாவியின் பதிவையும் அழிக்கச் சொன்னேன். இல்லையேல் அதைக் கண்டெடுத்தவன் வண்டியைக் கொண்டுபோகலாம். பழியோ ஓட்டுநர் மீதே விழும் அல்லவா?