வீட்டில் போய்ச் சொல்ல முடிகிறதா?

மலேசியாவின் கம்போங் ராஜாவிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் காய்கறி விவசாயிகளுக்கும் கடன், காப்புறுதி, சேமநிதி விவரங்களை விளக்குவது என் தொழில். இதில் நான் நம்பும் அளவுகோல் ஒன்றே: கேட்டவர் வீட்டுக்குப் போய், நான் கூட இல்லாமல், அதைத் தம் சொந்தப் பேச்சில் சொல்ல முடிய வேண்டும். நிதித்துறைக்கு வரும் இளையோருக்கு என் யோசனைகள்:

விழுக்காட்டை வெள்ளியாக்குங்கள். லாரி வாங்க 50,000 வெள்ளி கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி, 5 ஆண்டு. கேட்க லேசாக இருக்கும். வட்டி 7,500 வெள்ளி, மாதத் தவணை ஏறக்குறைய 958 வெள்ளி என்று எழுதிக் காட்டினால்தான் கனம் தெரியும். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி கடைசிவரை முழு 50,000-க்கே போடப்படுகிறது. அதனால் உண்மையான வட்டி ஐந்தரை விழுக்காட்டைத் தாண்டிவிடும். கையில் வாங்குவது, மாதம் கட்டுவது, மொத்தம் கட்டுவது: இந்த மூன்றும் தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

இழப்பை முதலில் சொல்லுங்கள். 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு மூன்றாம் கணக்குக்குப் போகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இது எல்லாருக்கும் தெரியும். எடுத்த பணத்துக்கு லாப ஈவு கிடையாது என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும். 2024-க்கு அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. ஆண்டு முழுக்க கை வைக்காத 1,000 வெள்ளிக்கு 63 வெள்ளி கிடைத்தது.

'பாதுகாப்பு' என்று எழுதினால், யார் தரும் பாதுகாப்பு, எவ்வளவு வரை என்றும் எழுதுங்கள். வங்கி வைப்புத்தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் பொறுப்பு. அதே வங்கி விற்கும் யூனிட் டிரஸ்டுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார்கள். மூன்றாம் கணக்கை விளக்கிய பிறகு நான் இப்படிக் கேட்பேன்: "அக்கா, வீட்டுல அண்ணன் கேட்டா என்ன சொல்வீங்க?"

"எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னு சொல்வேன் தம்பி."

"எடுத்துட்டா?"

பதில் வராவிட்டால், அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவேன்.

ஆளைத் தேடிப் போங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வேலை செய்யும் தோட்டத்தையே சேர்ந்து வாங்கலாம் என்பது லயத்து வாசலில் உட்கார்ந்து பேசக்கூடிய சேதி. அதனால்தான் கூலிப்பணம் பங்குப்பணமாயிற்று.

கடைசியாக ஒன்று: விளக்கிய அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மறுநாள் அவர்கள் கேள்வியோடு வந்தால் மகிழுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் நம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறோம்.